செருப்புக்குக் காவல்

மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏற வேண்டும். அதற்குமுன் சிதறால் மலைமேல் இருக்கும் பழைய சமணக் கோயிலைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார் பொன்னுலிங்கம். கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. செல்லக்கனியும் கூடப் போனாள்.

இடிந்த மண்டபத்தின் வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். கப்பலுக்கென்றே நாகர்கோவிலில் வாங்கிய புதுச் செருப்பு.

"ஏட்டி, இதப் பாத்துக்கோ. கொரங்கு தூக்கிட்டுப் போயிரும். நான் வந்த பொறவு நீ போ."

அவள் பாறையில் உட்கார்ந்து செருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். குரங்கு வரவில்லை. மழையும் இல்லை. அவர் திரும்பிவந்து காலை நுழைத்தபோது செருப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. அடியில் கடல்சிப்பிகள் ஒட்டியிருந்தன. கடல் அங்கிருந்து பத்து மைல்.

"இந்தக் கப்பலு வேண்டாம். அடுத்த வாரம் போலாம்," என்றாள் செல்லக்கனி.

"திங்கக்கெழம நான் வேலையில நிக்கணும்," என்று சிரித்தபடி அவர் சிப்பிகளைப் பாறையில் தேய்த்து உதிர்த்தார்.

கப்பலில் நல்ல காற்று. இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். விடிந்தபோது கொழும்பு தெரிந்தது. பொன்னுலிங்கத்தைக் காணவில்லை. மேல்தளத்துக் கம்பியோரம் அவருடைய செருப்பு மட்டும் கடலைப் பார்த்து ஜோடியாக இருந்தது. செல்லக்கனி தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை.

கப்பல் முழுக்கத் தேடினார்கள். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அவள் செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களும் இறங்குங்கம்மா," என்றார் மாலுமி.

"அவரு உள்ள போயிருக்காரு. வந்த பொறவு நான் போணும்."