லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

மணி பத்து ஐம்பத்திரண்டு. பதினோரு மணிக்கு அக்காவுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. போனில் எழுத முடியாது. ஒரு நிமிடம் தாமதித்தாலும் சேர்க்க மாட்டார்கள். அவளுடைய பழைய லேப்டாப்பிலோ வைஃபை குறியின் மேல் சிவப்புப் பெருக்கல் போகாமல் நிற்கிறது. ஜன்னல் வெயில் எழுத்து தேய்ந்த பொத்தான்களின் மேல் விழுகிறது. மூன்றாவது முறையாக அணைத்துப் போடுகிறாள். உள்ளே விசிறி இரைகிறது. எங்களுக்கும் வைஃபை தரும் வீட்டுக்காரர் பீமராவ் மாமா மாடியிலிருந்து குரல் கொடுக்கிறார். "எங்க நாலு போனுக்கும் வருதும்மா. உங்க பெட்டிதான் கோவிச்சுக்கிட்டு இருக்கு!" யாரும் சிரிக்கவில்லை. "போன வாரம்கூட வேலை செஞ்சுதே" என்கிறாள் அக்கா. "ஆயுத பூஜைக்கு நல்லா தொடச்சு, இந்த வேலை கிடைக்கணும்னு வேண்டித்தான்டி பொட்டு வெச்சேன்" என்கிறாள் அம்மா. நான் அந்தப் பொட்டைப் பார்க்கிறேன். முன்விளிம்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. அதற்கடியில் நகத்தளவு ஏதோ துருத்துகிறது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சுரண்டுகிறேன். "ஏய், அதை ஏன்டி எடுக்கிற?" அம்மா பதறுகிறாள். சந்தனத்துக்குள் வைஃபைக்கான ஒரு சின்ன சுவிட்ச். துடைத்தபோது நகர்ந்திருக்க வேண்டும். அழுத்தித் தள்ளுகிறேன். பக்கத்தில் நீல விளக்கு எரிகிறது. பத்து ஐம்பத்தெட்டு. அக்கா பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, மறுபடியும் அடிக்கிறாள். சிவப்புப் பெருக்கல் மறைகிறது. முதல் கேள்வி வருகிறது. அம்மா தரையில் உதிர்ந்த சந்தனத்தை உள்ளங்கையில் வழித்தெடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் மூடிய கையோடு நிற்கிறாள்.