நத்தை ஓனர்

முருங்கை மரத்தடியில் நல்லமுத்து என்றொரு நத்தை இருந்தது. சும்மா சுமக்கிற வீட்டை வாடகைக்கு விட்டால் உட்கார்ந்தே சாப்பிடலாமே என்று அதற்கு ஒரு நாள் தோன்றியது. நாளுக்கு ஒரு கீரை இலை வாடகை என்று ஒரு கட்டெறும்பிடம் பேசி முடித்து, கூட்டை விட்டு வெளியே வந்தது. எறும்பு என்றாலே சொந்தபந்தம் வரிசை கட்டி வந்துவிடும் என்ற பயத்தில் ஒரு நிபந்தனையும் போட்டது: உள்ளே ஒருத்தருக்கு மேல் தங்கக் கூடாது.

வீட்டை முதுகில் சுமப்பது மட்டும் பழையபடி நத்தைதான்.

"ஓனர், இங்க காத்தே வரல. கொஞ்சம் கிழக்கால நகருங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். 'ஓனர்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே நத்தை நகரும்.

ஒரு நாள் எதிரே கோழி வந்தது. நத்தை அவசரமாகக் கூட்டு வாசலில் தலையை நீட்டியது.

"தம்பி, கொஞ்சம் தள்ளிக்க. நானும் உள்ள வந்துடறேன்."

"ஒருத்தருக்கு மேல கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, ஓனர்? எங்க சித்தப்பாவையே வாசலோட அனுப்பிட்டேன்" என்றது எறும்பு.

அதற்குள் கோழி பக்கத்தில் வந்து கூட்டைத் தட்டிப் பார்த்தது. கூட்டுக்கு வெளியே நத்தையை அது கண்டதே இல்லை.

"இந்த வீட்டு ஓனர் எங்க?"

நத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "உள்ள இருக்காருங்க. நான் வீடு தூக்கற ஆள்."