பழுப்பு

மரகதவல்லியின் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் மூன்றாவது முறையும் நிறம் ஏறவில்லை. கெட்டுப்போன செல்லைப் பெருக விடாமல் தடுத்து, திருத்த முடியாவிட்டால் அதைச் சாகவும் வைக்கிற ஒரு புரதத்தைத் தேடும் சாயம் அது. புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும்.

“சாயம் பழசு டாக்டர். மறுபடி போடுறேன்,” என்றாள் தில்லைக்கரசி. அந்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடமாகச் சாயம் போடுகிறவள். மரகதவல்லி அவளுடைய தங்கை.

டாக்டர் இருதயராஜ் எழுந்து நுண்ணோக்கியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். “ஓரத்துல நல்ல செல்லுங்க இருக்கு பாருங்கம்மா. அதுல லேசா ஏறியிருக்கு.”

சாயத்தில் குறையில்லை. நடுவில், தடுக்க ஆளில்லாமல் பெருகிய செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு பழுப்பே ஏறாமல், பின்னணிச் சாயத்தின் வெறும் நீலமாகக் கிடந்தன.

அதே சதையின் நான்காவது கண்ணாடி ஸ்லைடை ஐந்து நிமிடத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் சாயத்தில் ஊறவிட்டாள். நல்லது கெட்டது என்றில்லாமல் எல்லாமே அடர் பழுப்பாகிவிட்டன. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“இது தப்பு டாக்டர். இனிமே சரிபண்ண முடியாது.”

உடைந்த கண்ணாடி போடும் டப்பாவில் அதைத் தன் கையாலேயே போட்டு மூடினாள். பிறகு மூன்றாவது ஸ்லைடை எடுத்து, துடைத்து, அவர் மேஜையில் வைத்தாள்.