ஒரு ரவுண்டு நானூறு

"மாட்டு வண்டி ஒரு ரவுண்டு நானூறு ரூபா சார். நாலு பேர் வரைக்கும் ஏறலாம்."

ராம்கி சிரித்துக்கொண்டே போனை எடுத்து, ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி பார்கவி அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பெங்களூரில், வீட்டுப் பக்கத்து பொம்மனஹள்ளி மார்க்கெட்டில் பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவன் அவன். ஆனேக்கல் தாண்டி இருக்கும் இந்த ஃபேமிலி ஹாலிடே வில்லேஜுக்குப் போகலாம் என்று அவள் இரண்டு வருஷமாகக் கேட்டபோதெல்லாம், "ரெண்டு நாள் கயித்துக் கட்டில்ல படுக்க இருபத்திரெண்டாயிரமா? லூசாடி நீ?" என்று வாயை அடைத்தவன்.

அப்படிப்பட்டவன் நேற்று வந்து இறங்கியதிலிருந்து ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. கன்றுக்குட்டிக்குப் புல் கொடுக்க நூறு. பானை செய்ய முந்நூறு. சேற்றில் குதிக்க நூற்றைம்பது, குதித்த சேற்றைக் கழுவ வெந்நீருக்குத் தனியாக ஐம்பது. எல்லாவற்றுக்கும் அதே சிரிப்பு.

போன மாதம்தான் அவன் டீமில் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது ஆள் இவனா? போவது போகட்டும், கடைசியாகப் பொண்டாட்டி பிள்ளையை ஒரு தடவை சந்தோஷப்படுத்திவிடலாம் என்று கூட்டி வந்திருக்கிறானா?

"ராம்கி, ஆஃபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஆஃபீஸ்லயா? ஒன்னுமில்லையே. ஏன்?"

"செலவைப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்கிற. எனக்குப் பயமா இருக்கு."

"தொறந்தா கஞ்சன்னு சொல்ற. தொறக்கலைன்னா பயமா இருக்குன்ற. நான் என்னதான்டி பண்றது?"

நேற்றுக் காலை கிளம்பும்போதே ஒரு மாதிரிதான் இருந்தான். ஊருக்குப் போகிறவன் எவனாவது கட்டிலுக்குப் புது பெட்ஷீட் விரித்து, பாத்ரூமில் புது சோப்பைப் பிரித்து வைத்துவிட்டுக் கிளம்புவானா? கேட்டதற்கு, "திரும்பி வரும்போது ஃப்ரெஷ்ஷா இருக்கட்டுமே" என்றான்.

"அம்மா, ஏறும்மா!" ஏழு வயது தாரணி அதற்குள் வண்டிக்குள் ஏறி வைக்கோலில் புரண்டுகொண்டிருந்தாள்.

ராம்கி போனைப் பார்கவியிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டான். பார்கவியும் பின்னால் ஏறிக்கொள்ள, வண்டி குலுங்கிக் கிளம்பியது.

வண்டிக்காரர் பெயர் அசோகன். ஹாலிடே வில்லேஜ்காரர்கள் கட்டிவிட்ட சிவப்புத் தலைப்பாகையைப் பத்தடிக்கு ஒரு தடவை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே ஓட்டினார்.

"உங்க குடும்பமும் இங்கதான் இருக்காங்களாண்ணா?" என்று கேட்டாள் பார்கவி.

"பக்கத்து ஊருதாம்மா. ஸ்கூல் லீவு இல்ல? வீட்டுக்காரி, பசங்க, மச்சினி வீட்டு ஆளுங்க, எல்லாம் காசு சேத்துப் போட்டுட்டு பெங்களூருக்கு டூரு போயிருக்காங்க."

"பெங்களூருக்கா? அங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! மெட்ரோ இருக்கு, மாலு இருக்கு. இங்க என்னா இருக்கு, சாணியும் வைக்கோலும்! இதைப் போய் எவனாவது காசு குடுத்துப் பாப்பானா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். "ஏய், நேராப் போ!" என்று, நேராகப் போய்க்கொண்டிருந்த மாட்டை அதட்டினார்.

பார்கவி கையிலிருந்த ராம்கியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஆஃபீஸாக இருக்குமோ? வேலையைப் பற்றிய சேதியோ? வண்டிச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராம்கி அண்ணாவா?" பெண் குரல்.

பார்கவியின் புருவம் உயர்ந்தது. "அவரு வொய்ஃப் பேசறேன். நீங்க யாரு?"

"அக்கா, நான் லட்சுமம்மா. உங்க வீட்லேர்ந்துதான் பேசறேன்."

"எங்க வீட்லேர்ந்தா?"

"ஆமாக்கா, ஒன்பதாவது மாடி. நைட்டு ஏசி போட்டுப் படுத்தோம் பாருங்க, பசங்க எழுந்திரிக்கவே மாட்டேன்னுடுச்சுங்க. பெட்ஷீட்டுகூடப் புதுசு!"

வண்டி நின்றுவிட்டது. "இது நம்ம வீட்டுக்காரி லட்சுமி குரலாச்சே!" என்று அசோகன் திரும்பினார். ராம்கி மட்டும் திரும்பவில்லை.

"ராம்கி?"

"நம்ம வீட்டை ஒரு ஆப்புல போட்டு ரெண்டு நாளைக்கு வாடகைக்கு விட்டேன்டி" என்று அவன் மாட்டின் வாலைப் பார்த்துச் சொன்னான். "நாலாயிரம் வந்துச்சு. இந்த வண்டி, கன்னுக்குட்டி, சேறு, வெந்நீர் எல்லாம் அந்தக் காசுலதான். சொன்னா வீட்டுக்குள்ள யாரையும் விட மாட்ட. அதான்..."

"அப்போ உன் வேலை போகலையா?"

"வேலையா? எனக்கா? யாரு சொன்னது?"

பார்கவிக்கு அவன் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. கையை ஓங்கினாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல், வைக்கோலுக்குள் எங்கோ விழுந்து தொலைந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? கேக்க வந்ததையே மறந்துட்டேன்." லட்சுமம்மாவின் குரல் கொஞ்சம் தயங்கியது. "பசங்க காலையிலேர்ந்து மேலயும் கீழயும் போயிட்டு வந்துட்டே இருக்குதுங்க. அதான், அப்புறம் மொத்தமாக் காசு கேட்டுடப் போறீங்களேன்னு..."

"எதுக்கு?"

"லிஃப்ட்டு ஒரு ரவுண்டு எவ்ளோக்கா?"