எழுதியவர்

ஆறாயிரத்து இருநூற்றெட்டு சோதனைகளையும் ஒரே தட்டில் அழிக்கிற பொத்தானின் மேல் அவளுடைய விரல் நின்றுகொண்டிருந்தது.

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குச் சோதனைகளைச் சேமித்து வைத்திருக்கும் பழைய மென்பொருளை மூடிவிடுவார்கள். புதியதிலும் மொத்தமாக ஏற்றுகிற வசதி அதோடு சரி. நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் அதில் வேலை தொடங்கிவிடும்.

லிஃப்டை இயக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற அலுவலகம் அது. கதவு மூடும்போது ஒரு கை குறுக்கே வந்தால் என்ன ஆக வேண்டும், ஏழாவது மாடியில் மின்சாரம் போனால் என்ன ஆக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எழுதி வைத்திருந்தார்கள். பத்து வருஷத்துச் சேர்மானம். அதைப் பழையதிலிருந்து கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்றும் பொறுப்பு அவளுடையது.

காலையிலேயே ஏற்றியும் விட்டாள். ஒன்று குறையாமல் வந்து சேர்ந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

அவள் தட்டவில்லை.

‘எழுதியவர்’ என்ற கட்டத்தில் அத்தனை சோதனைக்கும் ஒரே பெயர். மேலாளரின் பெயர். மனிதர் வேலைக்குச் சேர்ந்தே மூன்று வாரம்தான் ஆகிறது. அவர் கணக்கில் நுழைந்து ஏற்றியதால் வந்த வினை.

“அழிச்சிட்டு மறுபடி ஏத்திடறேன் சார்.”

“விளையாடறீங்களா? நாப்பது நிமிஷம்தான் இருக்கு. வந்து சேந்ததே பெரிய விஷயம். யாரு எழுதினா என்ன?”

“நாளைக்கு எங்கயாவது லிஃப்ட் பாதியில நின்னா, இதைச் சோதிச்சீங்களான்னு எழுதினவங்களைத்தான் கேப்பாங்க. ஆறாயிரத்துக்கும் உங்களைக் கேப்பாங்க சார்.”

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அழிங்க.”

விரல் இறங்கியது. திரை துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாயிற்று.

காலையில் இறக்கிய கோப்பில் எழுதியவர் பெயரே கிடையாது. அந்தக் கட்டத்தையும் சேர்த்துப் பழையதிலிருந்து புதிதாக இறக்கினாள். பழைய கணக்கு இன்னது, புதியதில் அது இன்னார் என்று ஜோடி ஜோடியாக ஒரு பட்டியல் தட்டினாள். இரண்டையும் ஏற்றத் தொடங்கினாள்.

எண்கள் ஓட ஆரம்பித்தன. ஆயிரம். இரண்டாயிரம்.

பக்கத்து இருக்கைக்காரிக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து வர்ணனை செய்யத் தொடங்கினாள். மூவாயிரத்தைத் தாண்டியதும் மற்றவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. நின்றது.

ரேடியோவும் நின்றாள்.

சிக்கல் அடுத்த வரியில் இருந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. புதியதில் அவருக்குக் கணக்கில்லை. தெரியாத ஆளை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது.

கணக்குத் திறக்கும் அதிகாரம் கணினி நிர்வாகி ஒருவருக்குத்தான். அவர் கீழ்த்தளத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்.

ரேடியோ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். போன வேகத்தில் ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் டீ கோப்பையை இடது கையில் பிடித்தபடியே வலது கையால் தட்டிக் கணக்கைத் திறந்துகொடுத்தார்.

பதினொன்று நாற்பத்தொன்பது. முதலிலிருந்து மறுபடியும்.

யாரோ அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பற்றியிருந்தார்கள். நாலாயிரம். ஐயாயிரம். கடைசி நூறு வரும்போது ரேடியோ கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஆறாயிரத்து இருநூற்றெட்டு என்று பச்சை எழுத்தில் வந்தது.

அறை அதிர்ந்தது. டீ சிந்தியதைக்கூட நிர்வாகி கவனிக்கவில்லை. ஆளாளுக்குத் திரையில் தங்கள் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்கள். என்னுது முந்நூறு, என்னுது நானூத்தி ஏழு என்று ஒரே கூச்சல்.

மேலாளர் சிரித்தபடியே, அதிகம் எழுதியவர் முதலில் வருமாறு பெயர்களை அடுக்கினார்.

உச்சியில் அவள் பெயர். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

“பழசுல உங்க பேரை நான் பாத்த ஞாபகமே இல்லியே?”

இருந்தால்தானே பார்ப்பதற்கு. பழைய மென்பொருளில் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் கணக்கு. அவள் ஒப்பந்த ஊழியர். நாலு வருஷமாக ஒரு பொதுக் கணக்கில் நுழைந்துதான் அத்தனையும் எழுதினாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அந்தக் கணக்கின் பெயர் ‘விருந்தினர்’. சற்றுமுன் தட்டிய பட்டியலில் அதற்கு எதிரே தன் பெயரைப் போட்டிருந்தாள்.

“விருந்தினர்னு இருந்தது நான்தான் சார்.”

“ஆமா சார், அக்காதான். எங்க எல்லாருக்கும் தெரியும்” என்றாள் ரேடியோ.

மேலாளர் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

“இந்த மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியறது...”

“எனக்குத்தான் சார்.”

அவர் மேசைத் தொலைபேசியை எடுத்து நிர்வாகப் பிரிவைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் ஒன்றை முடிக்கக் கூடாது, நிரந்தரமாக்குவது பற்றி இன்றைக்கே பேச வேண்டும் என்றார். யாருடையது என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வாரமாக அவளை ‘மேடம்’ என்றே கூப்பிட்டு வந்தவர், திரையின் பக்கம் குனிந்து, முதலெழுத்தோடு சேர்த்து அந்தப் பெயரை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.