பெயரில்லாத கணினி

மருத்துவமனையின் கணினிகளையெல்லாம் ஓரிடத்திலிருந்து ஆளும் திரை அது. ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பச்சைப் புள்ளி. புதிதாக முளைத்திருந்த ஒன்றுக்குப் புள்ளி மட்டும்தான், பெயரைக் காணோம். கணினிப் பிரிவின் இளநிலை ஊழியன் தமீம் அதை நீக்கப் பார்த்தான். அவனுக்கு அந்த அதிகாரம் இல்லை. வழக்கம்போல எதிர் மேசைத் தலைமை நிர்வாகியைக் கூப்பிட்டான்.

"ஜெசிந்தா மேடம், உங்க லாகின்ல கொஞ்சம் பாருங்களேன்."

அவள் கடவுச்சொல்லைத் தட்டுகிற நேரத்தில், அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்தான். பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு கட்டளையை எழுதியிருந்தார்கள்: அதிகாரமுள்ளவர் பார்த்த கணமே எல்லாவற்றையும் அணை.

"மேடம், திறக்காதீங்க!"

"நான் எதையும் தொடலப்பா. சும்மா பாத்துட்டுதான் இருக்கேன்."

அவள் மூக்குக்கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.