மூன்றாவது முறை

அந்தச் சிவப்புக் கார் மூன்றாவது முறையாகக் கடைக்குள் நுழைந்ததும் ராஜபாண்டி துடைக்கும் துணியோடு எழுந்து வந்தான்.

மதுரைப் பக்கமிருந்து வந்து நல்லூரில் கார் பாலிஷ் கடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி நாலு பேரிடம் குறை சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். வெயிலில் வெளுத்திருந்த அவர் காரை இரண்டு முறை மெஷின் வைத்துத் தேய்த்தாயிற்று. இரண்டு முறையும், “இன்னும் மங்கலாத்தானுங்க இருக்குது” என்று முகம் சுளித்தார்.

இன்று அவர் வாய் திறக்குமுன் ராஜபாண்டியே சொன்னான்:

“இன்னொரு தடவ தேச்சா பெயிண்டே போயிரும்ங்கய்யா. என் மொகமே தெரியுது, பாருங்க.”

ஈஸ்வரமூர்த்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பானெட்டை உற்றுப் பார்த்தார்.

“தெரியுதுங்க தம்பி. எம்பட மொகமுந் தெரியுது.”

ராஜபாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. காரை ஓட்டி வந்த மகள் யாழினிதான் விளக்கினாள்.

“கார் பளபளன்னு இருக்குதுன்னு ஊட்ல அத்தன பேரும் சொன்னோம், அப்பா ஒத்துக்கவே இல்லீங்கண்ணா. அப்பறந்தான் சந்தேகப்பட்டு டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போனோம். ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்க.”

“உங்ககூடச் சண்ட போடலீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க தம்பி,” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ராஜபாண்டி கையிலிருந்த துணியால் தன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.